ஸ்ட்ராப்பைப் பார்க்காமல் எழுதிய ஒரு வரி

வைண்டர் நல்லதா கெட்டதா என்று இனி யாரும் எனக்குப் போன் செய்து கேட்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் இதற்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. தப்பான பதிலும் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். புதிதாக வாட்ச் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் வாட்சுக்குள் அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கிறது. ரோட்டார் என்கிறோம். கை ஆடினால் அது சுற்றும். அது சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கேறும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் வாட்ச் நின்றுவிடும். டெல்லி துவாரகாவில் ஒரு ஃபிளாட் வாங்கும் விலையைக் கொடுத்து வாங்கிய வாட்சும் இரண்டு நாளில் நிற்கும். இதைக் கடையில் யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. அவர் மூன்றாம் நாள் நம்மிடம் வந்து கத்துவார்.

அது நிற்கக் கூடாது என்பதற்காக விற்பதுதான் வைண்டர். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மோட்டார். வாட்சை அதில் மாட்டினால் கையில் இருப்பதுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வாட்ச் வைத்திருப்பவர் ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் கட்ட முடியும். மீதி ஒன்பதையும் அவருக்காகப் பெட்டி கட்டிக்கொள்கிறது. மலிவான மோட்டாராக இருந்தால் வாட்சில் காந்தம் ஏறும், நேரம் முந்தி ஓடும். மெதுவாகச் சுற்றினால் முறுக்கேறாது. ஓயாமல் சுற்றினால் உள்ளே தேய்ந்துபோகும். இதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாட்சைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். நான் ஒரு மனிதரையும் கெடுத்தேன்.

அவர் பெயர் பாஸ்கரன். ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மத்திய அரசில் கிளார்க்காக இருந்தவர். பாஸ்கரனுக்குப் பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்குப் போக வரவில்லை. சாணக்யபுரிப் பக்கம் ஒரு தொழிலதிபரின் பெரிய வீட்டில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். வீட்டுச் சாவிகள், கார்களின் காகிதங்கள், ஏசி ரிப்பேர், அவர் சாப் என்று கூப்பிடும் முதலாளியின் வாட்ச் அலமாரி எல்லாம் அவர் பொறுப்பு. நான் பார்த்தபோது அங்கே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பின்கட்டில் ஓர் அறையில் மனைவியோடு இருந்தார்.

எங்கள் சர்வீஸ் சென்டர் தெற்கு டெல்லியில் ஒரு பேஸ்மென்ட், கவுன்டர் மட்டும் மேலே. நான் அங்கே மூவ்மென்ட், அதாவது வாட்சின் உள் எந்திரம், பார்க்கும் பிரிவின் தலைமை டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு நாள் வாட்ச் கொடுக்க வந்த பாஸ்கரன், நான் போனில் என் மனைவியோடு தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டார். அதிலிருந்து எப்போது வந்தாலும் என்னைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் போக மாட்டார். பாதி தமிழ், பாதி இந்தி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆள்.

அப்படி ஒரு நாள், சாப் புதிதாக ஒரு வாட்ச் வாங்கியிருப்பதாகச் சொன்னார். தேதி, கிழமை, மாதம், பிறை எல்லாம் காட்டும் வாட்ச். நின்றுவிட்டால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க வேண்டும். அதற்காக ஆறு வாட்ச் மாட்டும் வைண்டர் அலமாரி ஒன்றும் வந்திருந்தது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்டார்.

நான் கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வாட்ச் டெலிவரிக்குக் காத்திருந்தன. "நிக்கவே விடாதீங்க பாஸ்கரன். நின்னா உள்ளே எண்ணெய் கெட்டியாயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அது பழைய எண்ணெய்க்குப் பொருந்திய பேச்சு. நான் வேலை பழகிய காலத்தில் எண்ணெய் அப்படித்தான் இருந்தது. இப்போது வரும் எண்ணெய்க்கு வாட்ச் நின்றாலும் ஒன்றும் ஆகாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பழைய வாக்கியம் வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. வைண்டர் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாட்ச் மூன்று வருடம் முடிவதற்குள் என் பெஞ்சுக்கு வந்தது.

அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான் வேலை பழகிய கடையில் ஒரு வாட்சை ஒரே ஆள்தான் பார்ப்பான். ஸ்ட்ராப்பிலிருந்து ஸ்க்ரூ வரை அவன் கையில்தான் இருக்கும். டெல்லி சென்டரில் அப்படி இல்லை. கவுன்டரிலேயே ஸ்ட்ராப்பைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, வெளிக்கூடான கேஸோடு பாலிஷ் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். மூவ்மென்ட் மட்டும் எண் போட்ட தட்டில் எங்களிடம் வரும். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் குடலை மட்டும் பார்க்கும் டாக்டர்கள் ஆனோம் என்பது பிறகுதான் உறைத்தது.

தட்டில் வந்த மூவ்மென்ட்டைத் திறந்தேன். ரோட்டாரின் பேரிங் ஆடியது. அடியில் கறுப்பாக உலோகத் தூள். ரோட்டார் உரசி உரசிக் கீழ்த் தகட்டில் வளைந்த கோடு விழுந்திருந்தது. முறுக்கேற்றும் சிறு சக்கரங்களின் பல் மழுங்கிப்போயிருந்தது. பத்து வருடம் கட்டிய வாட்சில் பார்க்க வேண்டியதை மூன்று வருட வாட்சில் பார்த்தேன்.

வாரன்டி இன்னும் முடியவில்லை. எங்கள் மேனேஜர் மேடம் என் பெஞ்சுக்கே வந்தார். அவர் இப்படி வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். வாட்சின் சொந்தக்காரர் லைனில் இருக்கிறார், கொதித்துக்கொண்டிருக்கிறார், தயாரிப்புக் குறை என்று எழுதித் தரச் சொல்கிறார், அப்படி எழுதினால் புது வாட்ச் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். போனை என் கையில் கொடுத்தார். பெஞ்சில் இருந்த மற்ற நால்வரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சாப் இந்தியில் பேசினார். இந்த வாட்சை இரண்டு கல்யாணத்துக்குத்தான் கட்டினேன், இரண்டு கல்யாணத்துக்குத் தாங்காத வாட்சை எனக்கு விற்றீர்களா என்றார். திருடன் என்ற வார்த்தையையும் கம்பெனியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ரத்தம் ஏறியது. என் கம்பெனியை, என் தொழிலை ஒருவன் போனில் திட்டுகிறான். என் முன்னால் தட்டில் சாட்சி இருக்கிறது.

"இது தினமும் கட்டிய வாட்ச், சாப். மூணு வருஷத்துல இவ்வளவு தேயணும்னா, ராத்திரிகூடக் கழட்டாம யாரோ கட்டியிருக்காங்க" என்றேன் இந்தியில்.

"யாரோவா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "பக்கா?"

"பக்கா" என்றேன்.

அதைச் சொன்ன வாய் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும், தூக்கத்திலும், மூன்று வருடம் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் மனிதன் எங்கே இருக்கிறான்? மோட்டார்தான் அப்படி ஆட்டும். விடை என் வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது. அந்த வீட்டில் வைண்டர் இருப்பது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டுத்தான் அதை ஓட்டினார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. கேள்வி கேட்டவரின் வாயை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

மேடம் அங்கேயே ரிப்போர்ட்டை டைப் அடிக்கச் சொன்னார். 'தொடர்ந்து அணிந்ததால் ஏற்பட்ட தேய்மானம். தயாரிப்புக் குறை ஏதும் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். சீல் வைத்தார்கள். மேடம் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார்.

பத்து நாள் கழித்து, கவுன்டரில் யாரோ என்னைக் கேட்பதாகச் சொன்னார்கள். மேலே போனேன். பாஸ்கரன் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் வருபவர், அன்று கசங்கிய டி-ஷர்ட்டில் இருந்தார்.

அலமாரிச் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. சாப் அவரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டி, நான் இல்லாதபோது கட்டிக்கொண்டு எங்கெல்லாம் சுற்றினாய் என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொன்னதும், வேறென்ன எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் பின்கட்டு அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கேஸ் எதுவும் எழுதவில்லை. தினமும் வந்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர் கத்தாமல் சொன்னார். நான்தான் குரலை உயர்த்தினேன். கஸ்டமரின் பொருளைப் பற்றி வெளியாளிடம் பேசக் கூடாது என்றேன். மூவ்மென்ட்டில் இருப்பதைத்தான் எழுதினேன், மெஷின் பொய் சொல்லாது என்றேன்.

"மெஷின் சொல்லலையே சார். நீங்கல்லா சொன்னீங்க" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். அவர் பின்னாலிருந்து சொன்னார்: "நிக்கவே விடாதீங்கன்னு சொன்னதும் நீங்கதானே? நான் ஒரு நாள்கூட நிக்க விடல சார். ஃபுல் ஸ்பீடுல வச்சேன். கரன்ட் போனா நின்னுருமேன்னு அலமாரிய இன்வர்ட்டர்ல போட்டேன். ஜூன் மாசம் எங்க ரூம்ல ஃபேன் ஓடாது, அது ஓடும்."

படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

நேராக பாலிஷ் அறைக்குப் போனேன். அங்கே தினேஷ் பையா, நம் பேச்சில் தினேஷ் அண்ணன், இருபது வருடமாகக் கேஸ் தேய்க்கிறவர். இன்னும் டெலிவரி ஆகாமல் இருந்த அந்த வாட்சின் கவரை எடுக்கச் சொன்னேன். ஸ்ட்ராப்பை வெளியே எடுத்தேன். முதலைத் தோல். கடையிலிருந்து வந்தபடி விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு ஓட்டையைச் சுற்றி லேசாக ஒரு மடிப்பு, இரண்டு கல்யாணத்து மடிப்பு. உள்பக்கம் வியர்வைக் கறை இல்லை. டெல்லி வெயிலில் ஒரு வாரம் கட்டினால் தோல் ஸ்ட்ராப் நாறும். இதை மூக்கருகே கொண்டுபோனேன். புதுச் செருப்பு வாசனை.

"இதைக் கட்டவே இல்லை, மூர்த்திஜி. அன்னிக்கே தெரியும்" என்றார் தினேஷ் பையா.

ஏன் சொல்லவில்லை என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"ஸ்ட்ராப்பைப் பத்தி என்னை எப்போ கேட்டீங்க? நீங்கள்லாம் எஞ்சின்காரங்க. நாங்க தோல் துடைக்கிறவங்க."

போனில் பக்கா என்று சொன்ன அன்று, அவர் அறை என் பெஞ்சிலிருந்து பதினைந்து அடி தூரத்தில்தான் இருந்தது.

மேடத்திடம் போய், ரிப்போர்ட் தப்பு, திருத்த வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். நிதானமாகத்தான் பேசினார். அந்த வைண்டர் அலமாரியை விற்றது நம் ஷோரூம். ஃபுல் ஸ்பீடில் ஓடாமல் தடுக்கும் அமைப்பு அதில் இல்லை. நிற்க விடாதே என்று சொன்னது நம் தலைமை டெக்னீஷியன். தினமும் கட்டியது என்று எழுதியதும் அவரே. மூன்றையும் நாமே தப்பு என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி என்ன ஆகும் என்று கேட்டார். நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார். பேச்சுக்குள் அதை இரண்டு முறை சொன்னார். கொஞ்ச நாள் பொறுங்கள், அதுவே அடங்கிவிடும் என்றார்.

பொறுத்தேன். பத்தொன்பது நாள் பொறுத்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், மெட்ரோவில் வேலைக்குப் போனேன். அந்தப் பத்தொன்பது நாளும் பாஸ்கரன் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பயம் என்று பெயர் வைத்துத் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடம் தப்பு செய்யாதவன் என்று பெயர் வாங்கியவன் ஸ்ட்ராப்பைப் பார்க்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது.

இருபதாம் நாள், மேடம் சாப்பிடப் போன நேரத்தில், கம்பெனி லெட்டர்ஹெட்டில் நானே டைப் அடித்தேன். தேய்மானம் வைண்டரால் வந்தது. வாட்ச் கையில் கட்டப்பட்டதற்கான அடையாளம் இல்லை. முதல் ரிப்போர்ட்டில் எழுதியது என் தவறு. அலமாரியின் பொறுப்பாளர் பாஸ்கரன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, இரண்டு பிரதி எடுத்தேன்.

ஒரு பிரதியோடு சாப் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். ஸ்டேஷனுக்குப் போன் செய்து இனிக் கூப்பிட வேண்டாம் என்று என் முன்னாலேயே சொன்னார். பாஸ்கரனைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டேன்.

"வேற ஆள் வச்சாச்சு" என்றார். காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். "அப்படியே எடுத்தாலும், நான் பண்ணினதுக்கு அப்புறம் என் வீட்டுச் சாவியை அவன்கிட்ட எப்படிக் குடுப்பேன்? அவனுக்குக் கோபம் இருக்காதா?"

ஒருவனுக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்பதாலேயே அவனை இனி நம்ப முடியாது. இப்படி ஒரு கணக்கு உலகத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொரு பிரதியை ஆர்.கே.புரத்தில் பாஸ்கரனின் தம்பி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனேன். பாஸ்கரனும் மனைவியும் முன்னறையில் இருந்தார்கள். பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. பாஸ்கரன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். லேமினேட் பண்ணி வச்சுக்கிடுதேன் சார் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

சென்டரில் எனக்கு மெமோ வந்தது. ஓய்வு பெறும்வரை பெஞ்சுக்கு வர வேண்டாம், ஸ்டோர் ரூமில் இருங்கள் என்றார்கள். இருந்தேன். அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பது நாள் தாமதமாகச் செய்ததற்குக் கிடைத்த கூலி, அதுவும் குறைவு.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தப்பு செய்தேன், திருத்தினேன் என்று சொல்லிக்கொண்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஓய்வு பெற்று ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, பாஸ்கரன் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார். பிறகு பையிலிருந்து லேமினேட் செய்த அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கிடுங்க சார்."

ஏன் என்று கேட்டேன்.

"மூணு வீட்ல வேலைக்குக் கேட்டேன். முதல் வீட்ல இதைக் காட்டினேன். படிச்சுட்டு, அச்சா, என்ன திருட்டுன்னு கேட்டாங்க. திருட்டே இல்லன்னுதான் எழுதியிருக்குன்னேன். அப்போ எதுக்கு இப்படி ஒரு பேப்பர் வச்சிருக்கேன்னு கேட்டாங்க. ரெண்டாவது வீட்லயும் அதேதான். மூணாவது வீட்ல காட்டவே இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு மேல இருந்த எடத்த ஏன் விட்டேன்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல."

நான் காகிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீங்க வேணும்னு செய்யல. தெரியும்" என்றார். "ஆனா நீங்க நல்லது செஞ்சாலும் எனக்குக் கெட்டதாத்தான் வருது சார். இனிமே எனக்காக ஒண்ணும் எழுதாதீங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது டெல்லிக்கு வெளியே மானேசர் ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் லாரியில் பெட்டி ஏற்றுகிறார் என்று அவர் தம்பி சொன்னார். வயது ஐம்பத்துமூன்று. என் போனை எடுப்பதில்லை.

நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். உங்கள் கருவிகள் என்னுடையதைவிட நல்லவை. அதனால் ஒன்றைத்தான் சொல்கிறேன். உங்கள் முன்னால் தட்டில் இருப்பது உலோகம். பேரிங் தேய்ந்திருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதும் முன் எழுந்து பக்கத்து அறைக்குப் போங்கள். ஸ்ட்ராப்பைக் கேளுங்கள், கேஸைக் கேளுங்கள், அவற்றைத் துடைப்பவரைக் கேளுங்கள். வீட்டில் வைண்டர் இருக்கிறதா, எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். போனில் யார் கத்தினாலும், பக்கத்தில் யார் சமோசாவோடு நின்றாலும், யார் கட்டினார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது நம் வேலை இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கப் பார்த்தேன், அதனால் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

அந்தக் காகிதம் என் பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள். பாஸ்கரன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படித்த ஒருவரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.